லாபு பட்டறைக்கு அனுமதி வாங்கிய கதை

நிலம் வாங்கும்போது யாரும் என்னைத் தேடி வருவதில்லை. வாங்கி, வேலி போட்டு, வாசல் எந்தப் பக்கம் என்றுகூட முடிவு செய்த பிறகு, அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனையைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லக் கேட்டு ஓடி வருகிறார்கள். விவசாய நிலத்தை வணிக நிலமாக மாற்றவும், கட்டடம் கட்ட மஜ்லிஸில், அதாவது நகராண்மைக் கழகத்தில், அனுமதி வாங்கவும் அலைவதுதான் என் தொழில். லோபாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கையில் நம்பர் சீட்டோடு காத்திருந்து, நம் முறை வரும்போது அதிகாரி பசியாறப் போவதைப் பார்த்து நொந்தவர்களே, இது உங்களுக்காக.

நல்ல நேரம்

நாகப்பன் அண்ணன் லாரி பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறவர். வாடகை இடத்தை வருஷக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். லாபு பக்கம் பழைய தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, பட்டறையும் வரிசையாக நாலு கடையும் கட்டப் போகிறேன் என்று வந்தார். அனுமதி கிடைக்காவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். அவரை நம்பியிருக்கும் மெக்கானிக்குகளும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

விண்ணப்பம் மஜ்லிஸ் அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் அவரிடமிருந்து போன். பூமி பூஜைக்கு நான் வர வேண்டுமாம். புல்டோசரும் வந்து நிற்கிறதாம். பூஜை செய்யுங்கள், புல்டோசர் மண்ணில் பல் பதித்தால் வேலையை நிறுத்தச் சொல்லி ஆள் வந்துவிடும் என்று கத்தினேன். பூஜை முடிந்தது, புல்டோசர் மாலையோடு திரும்பிப் போனது. அண்ணனுக்கு மனசே இல்லை.

"ஐயரு நேரம் குறிச்சுக் குடுத்துட்டாரு லா மேடம். மஜ்லிஸ்காரன் நேரம் குறிக்கிறதுக்குள்ள என் பேரனுக்கே கல்யாணம் ஆயிரும்."

அறிவிப்புப் பலகை

இங்கே இன்னது கட்டப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று நிலத்தில் ஒரு பலகை நட வேண்டும். சாலையிலிருந்து தெரிய வேண்டும். நட்டோம். சில நாள் கழித்து அது நிற்கிறதா என்று பார்த்து வர, என்னோடு வேலை செய்யும் வரைபடம் போடும் குமாரை அனுப்பினேன். படம் எடுத்து அனுப்பினான். பலகையின் இரண்டு காலிலும் வாழை மரம். பலகை மேல், பக்கத்து நிலத்துக் கோயிலின் திருவிழா பேனர். அதில் கைகூப்பிச் சிரித்தபடி கோயில் தலைவர். யாரென்றால், நம் நாகப்பன் அண்ணனேதான்.

போனில் குமாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அக்கா, விண்ணப்பத்தைக் காணோம். விண்ணப்பதாரர் மட்டும் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு."

ஆட்சேபணை

பேனரை எடுக்க வைத்தேன், பலகை தெரிந்தது, எல்லாரும் படித்தார்கள். ஒரே ஒரு ஆட்சேபணை வந்தது. கோயிலிலிருந்து. திருவிழாவுக்குப் பால்குடங்கள் ஆற்றங்கரையிலிருந்து இந்த நிலத்தின் வழியாகத்தான் கோயிலுக்குப் போகின்றன. எங்கள் வரைபடத்தில் அந்த வழிக்கு நடுவே நாலாவது கடை. கேட்டது நியாயம்தான். ஆனால் அடியில் கையெழுத்து போட்டிருந்தவர் தலைவர் நாகப்பன்.

விசாரணை அன்று அதிகாரி அம்மா கடிதத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என் கட்சிக்காரரே எனக்கு எதிர்க்கட்சியாக வந்தது அன்றுதான். தரை பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. வரைபடத்தைத் திருத்தித் தருகிறோம் என்று தவணை வாங்கிக்கொண்டு வெளியே வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கமிட்டி தீர்மானம் போட்டா தலைவர் கையெழுத்துப் போடணும் லா மேடம். அது அங்க. இது இங்க."

நாலாவது கடை

மறுநாள் லாபுவுக்கே போய்விட்டேன். அண்ணனும் அவர் மனைவி சரசு அக்காவும் வந்திருந்தார்கள். குமார் நாடா பிடித்து அளந்தான். நாலாவது கடையை எடுத்துவிட்டால் பால்குடம் போக வழி தாராளமாகக் கிடைக்கும், மற்றது எதையும் தொட வேண்டாம் என்றேன். அண்ணன் முகம் சுண்டிவிட்டது. அது டயர் கடைக்கென்று ஆசையாக ஒதுக்கி வைத்த இடம். வேண்டுமானால் தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன், கடையை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். இனியும் இழுத்தால் வருஷக் கடைசிக்குள் கட்டி முடிக்க முடியாது, பட்டறையே போய்விடும் என்று நான் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை.

சரசு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வழியில் நாலு அடி நடந்து காட்டினார்.

"வருசா வருசம் பால்குடம் தூக்குறவ நான். உங்க டயர் கடைச் சுவத்த ஏறிக் குதிக்கவா?"

இரண்டு நாற்காலி

திருத்திய வரைபடத்தோடு மறுபடி போனோம். அதிகாரி அம்மா குறும்புக்காரர். அண்ணனை முதலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கோயில் சார்பில் ஆட்சேபணையை விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கினார். பிறகு என் பக்கத்து நாற்காலிக்கு மாறச் சொல்லி, விண்ணப்பதாரராகக் கையெழுத்து வாங்கினார். அனுமதி வந்தது. கட்டடமும் எழும்பியது. காலி செய்யச் சொன்ன தேதிக்கு முன்பே லாரிகளும் மெக்கானிக்குகளும் லாபுவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரமே அண்ணன் லட்டுப் பெட்டியோடு மாடி ஏறி வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நேத்து கமிட்டில பேசிட்டோம் மேடம். பால்குடம் போற வழியில லைட்டு போட்டுத் தரணும்னு அந்தப் பட்டறைக்காரருக்கு ஒரு லெட்டர் எழுதணும். கொஞ்சம் கண்டிப்பாவே எழுதுங்க லா."

கண்டிப்பாகவே எழுதிக் கொடுத்தேன். பட்டறைக்காரரும் லைட்டு போட்டுத் தந்துவிட்டார். ஒரே ஆளுக்காக இரண்டு பக்கமும் வாதாடி, இரண்டு பக்கமும் ஜெயித்தவள் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.