அண்ணன் காசில் இருந்த ஆமை

எங்கள் அண்ணன் சாமல்பட்டியை அடுத்த சிற்றூரில் பிறந்தார். அப்பா முன்னமே தவறிவிட்டதால் ஐந்தாவதோடு படிப்பை விட்டு, பிறகு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நான் கல்லூரி வரை போனது அவர் பார்த்த நைட் ஷிப்டால்தான்.

அவருக்கு ஒரே ஒரு பித்து. பழைய கிரேக்கக் காசுகளில் உள்ள விலங்கு எது என்று கண்டுபிடிப்பது. ஆந்தை என்றால் ஏதென்ஸ், தேனீ என்றால் எபேசு, ஆமை என்றால் ஏஜினா என்று போனில் படம் பார்த்தே ஒப்பிப்பார். ஓசூரில் பழைய சாமான் கடையொன்றில் தேய்ந்த வெள்ளிக் காசு ஒன்றை வாங்கினார். அசலா போலியா என்ற கவலையே அவருக்கு இல்லை. அதில் முட்டை போல ஒரு மேடு மட்டும் இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்.

"ஆமையா இருக்கலாம்டா. தேனீயாவும் இருக்கலாம். ரெக்க தேஞ்சி போயிருந்தா?"

ஆமை என்ற சொல்லே அம்மாவுக்குப் போதும். "ஆமைய எவனாச்சும் சட்ட ஜோப்புல போட்டுக்கினு வூட்டுக்கு வருவானா? தூக்கி எறிடா."

"அது என்னாம்மா பண்ணும்? வாசப்படி தாண்டவே ஒரு நாளு ஆவும்" என்று அண்ணன் சிரித்தார்.

அடுத்த முறை ஊருக்கு வரும் வழியில், வண்டி விபத்தில் போய்விட்டார். அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவற்றில் அந்தக் காசும் இருந்தது. அன்று முதல் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "அன்னிக்கே புடுங்கி எறிஞ்சிருக்கணும்" என்பது ஒன்றே பேச்சு.

கருமாதிக்கு முந்தின நாள், அண்ணனைக் கிடத்தியிருந்த இடத்தில் அரிசி மாவைப் பரப்பிக் கூடையால் மூடினோம். போன உயிர் என்ன உருவில் வந்து போனது என்று மறுநாள் தடம் பார்ப்பது எங்கள் வழக்கம். கூடையைத் தூக்கியபோது மாவில் ஒரு தடம் இருந்தது.

"கோழிக்காலு" என்றார் அத்தை.

"உனக்கு எல்லாமே கோழிதான். உன் மாமனாருக்கும் அதத்தான சொன்ன" என்றார் சித்தப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். "ஆமையாடா? எம்புள்ளய அதுதான் கூட்டிக்கினு போச்சா? நீ படிச்சவன், பாத்துச் சொல்லு."

டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. காசைக் கொண்டுவந்து, தடத்துக்குப் பக்கத்தில் அழுத்தி எடுத்தேன். காசில் தெரியாதது மாவில் தெரிந்தது. முதுகின் நடுவே வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் துடுப்பு போன்ற கால். கடலாமை. "அண்ணா" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன்.

"காசுல ஆமைதாம்மா. ஆனா அந்தத் தடம் இது இல்ல. நீயே பாரு, ஒண்ணுக்கொண்ணு சேரல."

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப அது எம்புள்ளதான்" என்றார். அன்று இலையில் போட்டதைச் சாப்பிட்டார்.

அண்ணனை ஊர் கொண்டுவந்து சேர்த்த கம்பெனித் தோழர்களுக்கும், அவரோடு ஒரே அறையில் தங்கி, காரியம் முடியும்வரை எங்களுடனேயே இருந்த கன்னட நண்பருக்கும், ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் முப்பதாம் நாளிலும் அந்த மாவைத் துடைக்க அம்மா விடவில்லை. காசின் பதிவு காற்றில் கலைந்துவிட்டது. மற்றது கலையவில்லை. நாங்கள் அதைச் சுற்றித்தான் நடக்கிறோம்.