காபரேற்றர் இல்லாத மாப்பிள்ளைக் கார்

கார் திருத்திற கராச்சிலை காருக்கு நோய் வருத்தம் பாக்கிறது லேசு. கார்க்காரனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு பாக்கிறதுதான் பெரிய வருத்தம். கை முழுக்கக் கிறீஸ் பூசின என்ரை சகோதரங்களே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எண்டாலும் எண்பத்தொன்பதிலை கொக்குவிலிலை எங்கடை கராச்சுக்கு வந்த அந்தச் சிவப்புக் காரின்ரை கதையைச் சொல்லாமல் எனக்கு இருக்கேலாது. இப்ப நினைச்சாலும் கை துறுதுறுக்குது.

காபரேற்றரைக் காணேல்லை

கார் குலேந்திரன்ரை. வல்வெட்டித்துறைக்காரன், கப்பலிலை வேலை. யப்பானிலையிருந்து இறக்கின இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். என்ரை இடுப்புக்கு மேலை ஒரு சாண்தான் உயரம். அப்பிடியொரு கார் குடாநாட்டிலை ஓடி நான் கண்டதில்லை. இதுவும் ஓடேல்லை. கரும்புகை கக்கும், இரண்டு இருமல் இருமும், நிண்டிடும். வெள்ளிக்கிழமை அவன்ரை தங்கச்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளை உரும்பிராய். பொம்பிளையின்ரை தமையன் எண்டபடியாக் குலேந்திரன்தான் மாப்பிள்ளைத் தோழன். தன்ரை காரிலைதான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவன் எண்டு இரண்டு பகுதிக்கும் சொல்லி வைச்சிட்டான். வழியிலை நிண்டா மானம் போகும் எண்டு அழாக்குறையா நிண்டான்.

நானும் என்னோடை வேலை செய்யிற தவமும் இஞ்சின் மூடிப் பொனற்றைத் தூக்கினம். தவம் பழைய ஒஸ்ரின் காருகளிலை ஊறினவன். தலையை உள்ளுக்கை விட்டுத் தேடு தேடெண்டு தேடிப்போட்டு நிமிந்தான்: "அண்ணை, இதுக்குக் காபரேற்றரே இல்லை. ஆரோ களவெடுத்திட்டாங்கள்!"

லைற்றையும் காணேல்லை

களவு போகேல்லை. பழைய காருகளிலை பெற்றோலையும் காத்தையும் கலக்கிறது காபரேற்றர்; இது கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் அடிக்கிற கார், அது தேவையில்லை. டுபாய் கராச்சிலை நான் இதுகளோடை புழங்கினனான். பொனற்றுக்குக் கீழை ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதிலை இரண்டு ஓட்டையை ஒரு துண்டு வயராலை தொடுத்தால், டாஷ்போட்டிலை இருக்கிற மஞ்சள் லைற் மினுங்கி மினுங்கித் தன்ரை வருத்தத்தைத் தானே சொல்லும். எத்தினை மினுக்கத்துக்கு என்ன வருத்தம் எண்ட தாள் திருத்திற சாமான் போடுற என்ரை ரூல் பெட்டி மூடியிலை ஒட்டிக்கிடந்தது. "வா, கார் கதைக்கப் போகுது" எண்டு தவத்தைக் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு வயரைக் குத்தினன். ஒரு மினுக்கமும் இல்லை!

குலேந்திரனைக் கேட்டன். அவன் சந்தோஷமாச் சொன்னான்: "அந்த லைற் எரிஞ்சுகொண்டே இருந்தது அண்ணை. ஊரிலை ஒரு மெக்கானிக் பல்ப்பைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, இப்ப வருத்தம் மாறீட்டுது எண்டவர்."

முள்ளோ நம்பரோ

அந்தச் சின்ன பல்ப் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஹெட்லைற் பல்ப்பைப் பூட்டுவம் எண்டான் தவம். அது இழுக்கிற கரண்டுக்குக் கொம்பியூட்டர் கருகிப்போம். அப்ப லைற்றுக்குப் பதிலா அந்த மினுக்கத்தைக் காட்ட, கரண்டு அளக்கிற மீற்றர்தான் வேணும். டவுணிலை றேடியோ திருத்திற யோசப் அண்ணையிட்டை இரண்டு கிடந்தது: நம்பர் காட்டிற புது மீற்றர், முள் ஆடுற பழைய மீற்றர். நான் முள்ளிலை கை வைச்சன். புதுக் காருக்குப் புது மீற்றர்தான் எண்டு கூட வந்த குலேந்திரன் ஒற்றைக்காலிலை நிண்டான். சரியெண்டு அதைக் கொண்டுவந்து கொழுவினால், ஒரு நம்பரை வாசிக்க முந்தி அடுத்த நம்பர் வந்திடுது. இதிலை எங்கை எண்ணிறது! முள்ளெண்டால் ஏறி விழுறதைக் கண் பிடிக்கும்.

திரும்பப் போய்ப் பழசைக் கேட்க, யோசப் அண்ணை சிரிச்சார்: "நீர் வருவீர் எண்டு தெரியும். துடைச்செல்லோ வைச்சிருக்கிறன்."

சென்றியிலை

மீற்றரைப் பையிலை போட்டுக்கொண்டு சைக்கிளிலை வாறன், இந்தியன் ஆமியின்ரை காவல் சென்றியிலை மறிச்சாச்சு. பைக்குள்ளை சிவப்பு வயர், கறுப்பு வயர். குண்டெண்டு சந்தேகப்பட இதைவிட வேறை என்ன வேணும்! துவக்கு முனை என்ரை நெஞ்சுக்கு நேரை நிக்குது. அந்த ஆமிக்காரன்ரை பாஷை எனக்குத் தெரியாது, என்ரை பாஷை அவனுக்குத் தெரியாது. மண்மூட்டையிலை அவன்ரை ரோர்ச்லைற் கிடந்தது. கையாலை கேட்டு வாங்கி, பற்றறியளைக் கழட்டி ஒவ்வொண்டா மீற்றரிலை பிடிச்சன். ஒண்டுக்கு முள் எழும்பேல்லை. அதைக் காட்டி, செத்துப்போச்சு எண்டு கையை விரிச்சன். அவன் வெடிச்சுச் சிரிச்சு, முதுகிலை தட்டி விட்டான்.

வந்து நடந்ததைச் சொல்ல, தவம் சொன்னான்: "காருக்கு முதல் ஆமிக்கு வருத்தம் பாத்திட்டீங்கள் அண்ணை!"

மஞ்சள் வாசம்

வியாழக்கிழமை பின்னேரம் முள் எழும்பி விழத் தொடங்கிச்சுது. மூண்டு தரம், பிறகு ஒருக்கா. தாளைப் பாத்தால், இஞ்சினுக்குப் போற காத்தை அளக்கிற பெட்டியிலைதான் வருத்தம்! நாங்கள் போட்ட சத்தத்திலை அடுத்த வளவுச் சனம் மதிலாலை எட்டிப் பாத்தது. பெட்டியின்ரை பிளக்கைக் கழட்டினன். உள்ளை மஞ்சளாப் பிடிச்சுக் காஞ்சு கிடக்கு. மணந்து பாத்தன். கறி மஞ்சளேதான்!

காரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்தவையாம், குலேந்திரன் அப்பதான் சொன்னான். ஐயர் தெளிச்சது காணாதெண்டு குலேந்திரன்ரை அம்மா வீட்டை வந்து பொனற்றைத் திறப்பிச்சு, எது பெரிசாத் தெரிஞ்சுதோ அதிலை ஒரு செம்பு மஞ்சள் தண்ணியைக் கவிட்டிருக்கிறா! ஸ்பிரிற்றாலை துடைச்சு, காயவைச்சுப் பூட்டி, திறப்பைத் திருப்பி ஸ்ராட் பண்ணினன். அட அட, அந்தச் சத்தம்! புகையில்லை, இருமலில்லை. குலேந்திரன் என்னைக் கட்டிப்பிடிச்சுக் காதுக்கை சொன்னான்: "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை, கலியாணம் முடியட்டும்."

தலைப்பா

அடுத்தநாள் நானும் தவமும் மீற்றரோடை மோட்டச்சைக்கிளிலை பின்னாலை போனம். உரும்பிராயிலை மாப்பிள்ளை தலைப்பாவோடை வந்தார், குனிஞ்சு ஏறினார், கூரை இடிச்சுது. சரிஞ்சு பாத்தார், இடிச்சுது. தாலி கட்ட முந்தித் தலைப்பாவைக் கழட்டப்படாதெண்டு மாப்பிள்ளையின்ரை மாமன் குறுக்கை நிண்டார். மாப்பிள்ளையை ஏத்தப் பின்னாலை ஒரு பழைய ஒஸ்ரின் றெடியா நிக்குது. குலேந்திரன்ரை முகம் செத்துப்போச்சு. எனக்குப் பொறுக்கேல்லை, ஓடிப்போய் முன் சீற்றைக் கட்டில் மாதிரிப் பின்னுக்குச் சரிச்சு விட்டன். மாப்பிள்ளை மல்லாந்து படுத்தார். கார் பறந்தது!

பொம்பிளை வீட்டு வாசலிலை ஆராத்தித் தட்டோடை நிண்ட குலேந்திரன்ரை அம்மா, மாப்பிள்ளை கால் நீட்டிப் படுத்துக் கிடக்கிறதைக் கண்ணாடியாலை கண்டு கத்திக் குழறினா: "ஐயோ பிள்ளையாரே, மாப்பிள்ளைக்கு என்ன வருத்தம்? ஓடிப்போய் அந்த மஞ்சள் தண்ணிச் செம்பைக் கொண்டு வாங்கோ!"

பாய்ஞ்சுபோய்ப் பொனற்றை இரண்டு கையாலையும் அமத்திக்கொண்டு நிண்ட தவத்தைப் பாத்து அண்டைக்கு நான் முடிவெடுத்தன்: ஸ்போர்ட்ஸ் காருக்கு முள் மீற்றர் காணும், ஆனால் அது மாப்பிள்ளைக் காரெண்டால் தலைப்பாவுக்கு ஒரு அளவுநாடாவும் பொனற்றுக்கு ஒரு ஆமைப்பூட்டும் கட்டாயம் வேணும்.