நூறு மீட்டருக்கு வாங்க

வேலுத்தாய் முதலில் இடக்கை வளையல்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாள். சேலைக்கு மேல் அவள் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டை கணவனுடையது. எண்ணெய் தொட்ட பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு கோரைப்பாயில் குப்புறப் படுப்பாள். ரைபிளின் முன்பாகத்தை மணல்மூட்டையில் கிடத்திவிட்டு, மூச்சு அடங்கும்வரை அசையாமல் கிடப்பாள். புதிதாகப் பார்ப்பவர்கள் தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அப்போது காய்ந்த சுள்ளியை ஒடித்தது போல ஒரு சத்தம் வரும். இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் தாளில் மிளகளவு ஓட்டை.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டின் ஓரத்தில் இருக்கும் ரைபிள் கிளப் அது. எட்டு வருடத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீசை விட்டு நின்ற வேலுத்தாயை, கூட்டிப் பெருக்கவும் தாள் மாற்றவும்தான் எடுத்தார்கள். தினமும் சுட்ட தாள்களைக் கழற்றிக் கழற்றி அவளிடம் ஓட்டைகள் பேச ஆரம்பித்தன. "செதறிக் கெடந்தா ஆளு கோளாறு. ஒண்ணாக் கூடி ஓரமாக் கெடந்தா துப்பாக்கி கோளாறு" என்பாள். ஆள் கோளாறை அவள் தொடுவதில்லை. துப்பாக்கிக் கோளாறை, குறிபார்க்கும் வளையத்தின் இரண்டு திருகுகளில் சரிசெய்துவிடுவாள்.

ஆனால் ஒரு குண்டை நம்பித் திருகைத் தொடமாட்டாள். மூன்று போட வேண்டும், மூன்றும் கூட வேண்டும். அப்புறம்தான் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணியபடி திருகுவாள். இருபத்தைந்தில் ஒழுங்கானால் ஐம்பதுக்குப் போவாள், அங்கேயும் ஒழுங்கானால் நூறுக்கு. ஐம்பதில் நடுப்புள்ளியில் விழுகிற இந்தச் சின்னத் தோட்டா நூறில் முக்கால் சாண் இறங்கிவிடும் என்பது அவளுக்கு மனப்பாடம். மண் வெடிப்புக்குள் காலித் தோட்டா விழுந்துவிட்டால் கொண்டை ஊசியால் கிண்டி எடுக்காமல் எழுந்திருக்கவே மாட்டாள்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்குச் சோதனை வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனலிங்கம் வெளியூர்ப் போட்டியில் ஐம்பது மீட்டரில் பதினோராவதாக வந்திருந்தார். கிளப்பின் தகரக் கூரை பாதி அவர் போட்டது. உறுப்பினர்கள் எல்லாரும் இருக்கும்போது, போட்டிக்கு முன் வேலுத்தாய் சரிசெய்து கொடுத்த தன் ரைபிளை மேசையில் வைத்தார்.

"இவதான் கெடுத்தா. நட்டநடுவுல குறி வச்சா குண்டு மேல போவுது. கூட்டிப் பெருக்க வந்தவகிட்ட துப்பாக்கியக் குடுத்தா இப்படித்தான்."

வேலுத்தாய் ஒன்றுதான் கேட்டாள். "அங்கன எந்தத் தோட்டாவப் போட்டீய அண்ணாச்சி?"

"வெளிநாட்டுச் சரக்கு. ஒன் சம்பளத்துக்கு அந்தப் பெட்டிய மோந்துகூடப் பாக்க முடியாது."

"மிச்சம் இருக்கா?"

காரில் அரைப்பெட்டி இருந்தது. செயலாளர் பெருமாள்சாமி அவளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வேலையப் பாரு தாயி."

"தெரியாம நடந்திருந்தா சொல்லுவேன் சார். நான் பாத்துல்லா வச்சேன். அண்ணாச்சியக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, பாய விரிக்கேன்."

படுத்தபிறகு அவளுக்கு மூச்சு அடங்கவில்லை. இன்று குறி தப்பினால் இனி யாரும் அவள் கையில் ஒரு ரைபிளைத் தரமாட்டார்கள். பின்னால் செருப்புகள் தேய்கிற சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று கிடந்தாள். அடங்கிய பிறகுதான் விசையைத் தொட்டாள்.

முதலில், அந்த ரைபிளைச் சரிசெய்தபோது அவள் போட்ட பழைய வகைத் தோட்டா ஐந்து. அவற்றைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். பிறகு அதே தாளில் வெளிநாட்டுத் தோட்டா ஐந்து. திருகைத் தொடவில்லை. இருபத்தைந்து மீட்டரில் பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பூவனலிங்கம் சிரித்தார். "பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதான்."

"இருவத்தஞ்சுல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும் அண்ணாச்சி. அம்பதுக்கு வாங்க."

ஐம்பதில் பழையவை நடுவில் கிடந்தன. புதியவை ஒரு விரல்கடை மேலே, கொத்தாக.

"காத்து தூக்கியிருக்கும்" என்றார் அவர்.

"காத்துன்னா ரெண்டையும்லா தூக்கியிருக்கணும்? நூறு மீட்டருக்கு வாங்க."

நூறில் பழையவை வழக்கம்போல முக்கால் சாண் இறங்கியிருந்தன. புதியவை அவற்றுக்கு நாலு விரல்கடை மேலே தனிக்கூட்டமாக நின்றன. ஒரே துப்பாக்கி, ஒரே திருகு, ஒரே கை. வேகம் கூடின தோட்டா மேலே போயிருக்கிறது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உறுப்பினர்கள் தாளைக் கழற்றிக்கொண்டு திரும்பி நடந்தபடியே கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அது பூவனலிங்கத்தின் கைக்கு வந்தது.

"சரி, தோட்டாதான்" என்றார். "அதுக்காக நாலு பேரு முன்னால என்னைய இப்படி நிக்க வைக்கணுமா?"

பெருமாள்சாமி அவள் பக்கம் குனிந்தார். "அதுக்காவது மன்னிப்புக் கேட்டுரு. அவிய பெரிய மனுசன். ஒனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேலை வேணும் சார். ஆனா நாலு பேரு முன்னாலதான என்னையும் சொன்னாவ. அதுக்கு யாரு கேப்பா?"

இருவரும் அவள் சொல்லப்போகும் வார்த்தைக்காகக் காத்து, சுடும் கோட்டுக்கு முன்னால், தாள்களுக்குப் போகிற தடத்திலேயே நின்றார்கள். வேலுத்தாய் மேசைக்குப் போய், அன்று பார்க்கவேண்டிய அடுத்த ரைபிளை எடுத்துப் பாயில் வைத்தாள். மூங்கில் கம்பத்தில் சிவப்புத் துணியை ஏற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அந்தத் துணி ஏறிவிட்டால் கோட்டுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. தலைவரானாலும் சரி, கலெக்டரானாலும் சரி. கழுத்துக் கயிற்றில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினாள்.

செயலாளர் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட்டார். பூவனலிங்கம் தாளைப் பிடித்தபடி அங்கேயே நின்று அவளைப் பார்த்தார்.

அவள் இன்னொரு முறை, முன்னைவிட நீளமாக ஊதினாள்.