வெட்டக்கூடாத பூசணிக்காய்

பிள்ளைகளே, நாங்கள் ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் மூன்றாம் மாடியில் இருந்த காலம் அது. ஓர் இலையுதிர் காலத்தில் கீழ்வீட்டு ஜெர்மன் பெண்மணி தன் தோட்டத்துச் சின்னப் பூசணிக்காய் ஒன்றைத் தந்தார். உங்களில் இளையவளுக்கு அப்போது நான்கு வயது. அவள் அதைத் துவாயால் போர்த்தித் தன் கட்டிலில் படுக்க வைத்தாள். இரண்டு கிழமை, பதினான்கு நாளும், அப்படியே போனது. நான் கத்தியை எடுத்தாலே அழுகைதான்.

"இது கறிக்கோ, இல்லாட்டி வளர்க்கவோ?" என்று உங்கள் அம்மா சிரித்தார்.

பழுதாகிவிடுமே என்று நான் கீழே போய் அந்தப் பெண்மணியிடம் யோசனை கேட்டேன். மேலே மூடிபோல வெட்டி, உள்ளே பழங்களை நிரப்பி, முழுதாகவே ஓவனில் வைக்கலாம் என்றார்.

"உருவம் மாறாது, குஞ்சு," என்றேன் மகளிடம்.

"சத்தியமாவோ, அப்பா?"

"ஓம், சத்தியமா."

எங்கள் ஓவன் அதுவரை சட்டிகள் அடுக்கும் அலுமாரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பூசணியின் விதைகளைத் தோண்டிவிட்டு ஆப்பிள், பேரிக்காய், பிளம்ஸ், கறுவாப்பட்டை, நெய் என்று நிரப்பினேன். பழக்கத்தில் கொஞ்சம் மிளகுத்தூளும் விழுந்தது. பிறகு, வெடித்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு மணி நேரம் ஓவனுக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

வெடிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மேசையில் வைத்தேன். அவள் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

"சரிஞ்சு படுத்திருக்குது, அப்பா," என்றாள். பிறகு தானே மூடியைத் தூக்கினாள். "கரண்டி தாங்கோ."