மிளகு யாருக்கு என்று கேட்டவர்

எங்கள் கடை கொல்லிமலையில், சில ஊர்கள் சேர்ந்த தேவனூர் நாட்டில், ஒற்றையடிப் பாதைகள் வந்து சேரும் ஒரு மேட்டில் இருந்தது. உப்பு, புகையிலை, சீமையெண்ணெய், தீப்பெட்டி, கருவாடு, இவ்வளவுதான் சரக்கு. அன்றைக்குக் கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எல்லாம் தலைச்சுமையாகத்தான் ஏறி வர வேண்டும். என் வீட்டுக்காரர் சுமையாட்களோடு கீழே இறங்கிவிட்டால் கடையில் நான்தான் உட்காருவேன். நான் காரவள்ளியில் பிறந்தவள். நாலாம் வகுப்பு வரை படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். மலைக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், இந்த ஈரத்திலும் குளிரிலும் எவள் குடித்தனம் பண்ணுவாள் என்று அழுதுகொண்டே இருந்தேன். அந்த அழுகையை நிறுத்தியது கடையில் நடந்த பேச்சுதான்.

மழைக்காலத்து மத்தியானங்களில் காட்டில் வேலை ஓடாது. ஆம்பிளைகள் மழைக்குத் தலையில் மாட்டும் கொங்காடையைக் கழற்றி உதறிவிட்டுக் கடைக்குள் வந்து குந்துவார்கள். வாங்குவது ஒரு கிள்ளுப் புகையிலை. பேசுவது உலகத்து நியாயம் முழுவதும். அப்போது உலகச் சண்டைக்காலம். சீமையெண்ணெய் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று கீழே எல்லாரும் பேசிக்கொள்வதை என் வீட்டுக்காரர் கேட்டுவந்து சொல்வார். அதை வைத்துக்கொண்டு இவர்கள் நாள் கணக்கில் மெல்லுவார்கள். அவன் போனால் காட்டுக்காவலனும் போவானா? போகமாட்டான், எவன் வந்தாலும் காவலன் கோழி கேட்பான் என்று ஒருவர் சொல்வார். ராஜா இல்லாமல் ஊர் நிற்குமா என்று இன்னொருவர் இழுப்பார். எல்லாரும் சமம் என்றால் பட்டக்காரரும் சமமா என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். பட்டக்காரர் என்றால் அந்த நாட்டுக்கே தலைவர், வழக்குத் தீர்ப்பவர். பொம்பளைகளும் சமமா என்று நான் ஒருநாள் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். எங்கள் கடைக்குக் கீழே இருந்த சரிவில்தான் அவர் ஊடு. சாமையும் ராகியும் போட்டு, பலாமரங்களில் மிளகு ஏற்றியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். எழுத்து வாசனை கிடையாது. ஆனால் பேச உட்கார்ந்தால் வக்கீல் தோற்றுப்போவான். எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் உண்டு. எனக்கு அவரைப் பிடிக்கும், அடிக்கடி எரிச்சலும் வரும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி போட்டார். ரயில் போட்டவன் வெள்ளைக்காரன், தபால் வைத்தவன் அவன், தாலுக்கா கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாம் அவன் கட்டியது. போகும்போது இதெல்லாம் என்னுடையது என்று கேட்டால் என்ன சொல்வது? எல்லாரும் யோசித்தார்கள். இவர் யோசிக்கவே இல்லை.

“ஏனுங்க, நம்ம பலாமரத்துல இன்னொருத்தன் கேக்காமக் கொள்ளாம மொளகுக்கொடிய ஏத்திப்போட்டான்னு வெச்சுக்கோங்க. மொளகு ஆருக்கு? கொடி அவன் வெச்சதுதான். தண்ணி அவன் ஊத்துனதுதான். ஆனா மரம் நம்முதுங்களே. மரம் ஆருதோ, மொளகு அவனுக்கு.”

கடையே சிரிப்பில் அதிர்ந்தது. அவ்வளவு லேசான பதிலை நான் எங்கும் கேட்டதில்லை. கொடி வைத்தவனின் பாடு என்ன ஆவது என்று நான் சும்மா சீண்டினேன். அதற்கென்ன, பாடுபட்டதற்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பலாம் என்றார். அதற்கும் சிரிப்பு.

அந்தப் பேச்சு கடையோடு நிற்கவில்லை. மலையில் மிளகுக்கொடி வேலி தாண்டி அடுத்தவர் மரத்தில் ஏறுவது சகஜம். பாதிப்பாதி என்பார்கள் சிலர், கொடிக்காரனுக்கே என்பார்கள் சிலர். வருசம் தவறாமல் அடிதடி. அந்த வருசம் அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு வழக்கு வந்தபோது, பட்டக்காரர் இவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். இவர் கடையில் சொன்னதையே கோயில் முன்னால் நின்று சொன்னார். தீர்ப்பு அப்படியே ஆயிற்று. இனிமேல் நாட்டில் இதுதான் நியாயம் என்று கற்பூரம் கொளுத்திச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த வழக்கு வந்தாலும் இவருக்கும் கூட்டத்தில் ஒரு இடம். மனுசர் நடக்கிற நடையே மாறிவிட்டது.

இப்போது அவர் ஊட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரோடு இருந்த பெண் வளப்பூர் நாட்டுக்காரி. அங்கே ஒருவருக்குத் தாலி கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த மனுசர் குடிகாரரும் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. மனசு ஒட்டவில்லை, அவ்வளவுதான் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் கிளம்பி இங்கே வந்துவிட்டாள். கீழே எங்கள் ஊராயிருந்தால் அவளை உயிரோடு கொளுத்தியிருப்பார்கள். மலையில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் பெண் போகலாம், அது அங்கே வழக்கம். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதி உண்டு என்று எனக்குத் தெரியாது. பெண் போகலாம். அவள் எங்கே போய் யாரோடு இருந்து பிள்ளை பெற்றாலும், அந்தப் பிள்ளை முதலில் பெண் வீட்டுக்குப் பரியப் பணம் கொடுத்துத் தாலி கட்டியவனுக்குச் சேர வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முதல் புருசன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு தன் பிள்ளை குட்டிகளோடு இருந்துவிடுவான். கடைக்கு வரும் இவருக்கும் வளப்பூர்ப் பெண்ணுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஐந்து வயதிருக்கும். தினம் கடைக்கு வந்து ஒரு உப்புக்கல் வாங்கிச் சப்பிக்கொண்டே போகும். அப்பாவின் தோளில் ஏறினால் இறங்காது. அவர் கடையில் உலக நியாயம் பேசும்போது அது அவர் தலைமுடியைப் பிரித்துப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்.

மழை விட்ட சமயத்தில் அவளுடைய முதல் புருசன், வளப்பூர் நாட்டுக்காரர் வந்தார். சொந்தக்காரன் ஒருவன் அவர் கைக்கோலின் ஒரு முனையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான். அவருக்கு இரண்டு கண்ணும் பூத்துப்போயிருந்தன. இரண்டாவது கட்டியவள் பிள்ளையில்லாமலே செத்துப்போனாளாம். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. என் பிள்ளையைக் கொடுங்கள் என்றார்.

அவர் ஒரு ராட்சசனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெலிந்த மனுசர். எங்கள் கடையில் உட்காரக்கூடக் கூச்சப்பட்டார். மோர் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, “புள்ளைய நல்லா வெச்சுக்குவேனுங்க. எனக்கும் அடுப்புப் பக்கம் ஒரு கொரலு வேணுமில்லீங்க” என்றார். என்ன சொல்வது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. பெண்கள் தள்ளி நின்றோம். பெண்களை அங்கே பேசவிடுவது கிடையாது. கூட்டத்தில் தனக்கிருந்த இடத்தில் உட்காராமல், வழக்குக்காரன் நிற்கும் இடத்தில் குழந்தையின் அப்பா நின்றார். நான் பெற்றேன், நான் தூக்கி வளர்த்தேன், காய்ச்சலில் கிடந்தபோது மடியில் வைத்திருந்தவன் நான் என்றார். எவ்வளவோ பேசியிருக்கிறார், அன்றைக்குப் பேசியதுபோல் மோசமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பட்டக்காரர் அவரை அதட்டவில்லை. கஷ்டப்பட்டுத்தான் கேட்டார். “கண்ணு, நீ சொன்ன நியாயம்தானே இது. கொடி நீ வெச்சது, தண்ணி நீ ஊத்துனது. ஆரு இல்லீன்னா? மரம் ஆருதுன்னு நீயே சொல்லிப்போடு.”

  கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

 மரமாம், கொடியாம்! அவள் என் பக்கத்தில் நிற்கிறாள், கையும் காலும் உள்ள மனுசி. நான் தாங்க முடியாமல் முன்னால் போய், அந்த மரத்திடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கத்திவிட்டேன். பட்டக்காரர் மரியாதையாகவே சொன்னார், கடைக்காரம்மா, இது எங்கள் நாட்டு வழக்கு, கீழே இருந்து வந்தவர்கள் இதில் தலையிட வேண்டாம் என்று. எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்த இடத்தில் நானும் வெள்ளைக்காரிதான். என்ன பண்ணுவது, பின்னால் வந்து நின்றுகொண்டேன். சாமை அறுப்பு முடிகிறவரை குழந்தை இங்கே இருக்கட்டும், பிறகு அனுப்பிவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

நான் விடவில்லை. கீழே கோர்ட்டு எதற்கு இருக்கிறது என்று இவரிடம் சண்டை போட்டேன். அவருக்கு வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்து, நாமக்கல்லுக்குப் போய் விசாரித்து வரச் சொன்னேன். அவர் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து எல்லாக் கதையையும் சொல்லியிருக்கிறார். குமாஸ்தா முழுவதும் கேட்டுவிட்டு, தாலி கட்டினது யார், அந்தக் கட்டு எங்கேயாவது தீர்ந்ததா என்று கேட்டாராம். தீரவில்லை என்றதும், அப்படியானால் சட்டத்தின் கணக்கிலும் குழந்தை தாலி கட்டினவனுடையதுதான், வீணாக அலையாதீர்கள் என்று அனுப்பிவிட்டாராம்.

அன்றைக்கு அவள் கடைக்கு வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே இதைச் சொன்னார். அவள் உப்பு வாங்க வந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “வெள்ளைக்காரன் போய் நம்ம ஆளு வந்தா இத மாத்துவாங்களாக்கா?” என்றாள். எவ்வளவு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து எத்தனை பேச்சுக் கேட்டிருப்பேன்!  மாத்துவாங்க என்று சொல்லியிருக்கலாம்.  உப்பை அளந்து போட்டேன்.

சாமை அறுப்பு முடிந்தது. அந்த வருசம் நல்ல விளைச்சல். இவர் கடைக்கு வருவதை விட்டுவிட்டார். மற்றவர்கள் வந்தார்கள், புகையிலை வாங்கினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். வெள்ளைக்காரனைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

வளப்பூர்க்காரர்கள் குழந்தையைக் கூட்டிப்போக வந்த காலையில் நானும் அவர்கள் ஊட்டுக்குப் போனேன். குழந்தைக்குத் தலை வாரி, எண்ணெய் வைத்து, புதுத்துணி கட்டியிருந்தாள். ஒரு மூட்டை கட்டியிருந்தது. குழந்தைக்கு எதற்கு இவ்வளவு பெரிய மூட்டை என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், பக்கத்தில் இன்னொரு மூட்டையும் இருந்தது. அவள் தன்னுடைய சீலையையும் சட்டியையும் கட்டியிருந்தாள்.

இவர் வாசலில் குந்தியிருந்தார். அவள் அவர் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. “நானும் போறனுங்க. அது ராத்திரில பொரண்டு படுக்கையில என்னையத் தேடுமுங்க. எனக்கு வேற ரோசன தோணலீங்க” என்றாள்.

அவர் போகாதே என்று சொல்லவில்லை. சொல்ல அவருக்கு என்ன முறை இருக்கிறது? தான் விட்டு வந்த முதல் புருசனிடமே அவள் திரும்பிப் போவதற்கு யார் தடை சொல்வார்கள்? பூத்த கண்ணோடு நின்றிருந்த மனுசருக்கும் இது எதிர்பாராதது. தான் கேட்டது பிள்ளையை மட்டும்தான் என்று முணுமுணுத்தார். வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அதில் சந்தோசமா கஷ்டமா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நானாவது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டதுதான் நான் செய்தது.

கூட வந்த சொந்தக்காரன் கைக்கோலின் முனையைக் குழந்தையின் கையில் கொடுத்து, இப்படிப் பிடித்துக்கொண்டு நட, கல் இருந்தால் சொல்லு என்று பழக்கினான். குழந்தைக்கு அது விளையாட்டாகிவிட்டது. இரண்டு அடி நடந்து, கல் கல் என்று கத்திச் சிரித்தது. பிறகு நின்று வாசலைப் பார்த்தது.

“அப்பா, நீயி வர்லியா?”

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தவர் அவர். 

“நீ முன்னால போ சாமி. அப்பன் பின்னாலயே வாரேன்.”

அது அவர் சொன்னதை நம்பியது. பாதை முழுக்கக் கல்லாக இருந்ததால், கோலைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக் கவனமாக நடந்தது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.