உருளைக்கிழங்கு வயலில் சுரண்டி

வெளிநாட்டு உருளைக்கிழங்கு வருவது நின்றுபோயிருந்த வருடங்கள் அவை. பண்டாரவளைப் பக்கம் நெல் அறுத்த வயலில் கிழங்கு போட்டவனெல்லாம் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தான். எங்களுக்கும் ஆசை வந்தது. ஏன் வரக்கூடாது? கல்யாணமாகி ஒன்பது வருடம், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் அதே ஒற்றையறைக் காம்பரா, அதே புகை.

பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் என் கணவரை நம்பினார். தோட்டத்துக்குக் கீழே அரை ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து, விதையும் உரமும் அவரே போட்டார். உழைப்பு எங்களுடையது. இந்தப் போகம் நல்லபடியாக வந்தால் அடுத்த போகத்திலிருந்து பாதிக்குப் பாதி கூட்டு. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலேயே நாங்கள் குடியிருக்கலாம். லயத்தை விட்டு வெளியேற எங்களுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குத் தவறாமல் போய், தோட்ட வேலை முடித்த பிறகுதான் வயலில் இறங்குவோம். கிழங்கு வெட்ட மூன்று வாரம் இருந்தபோது, ஃபேக்டரியில் வேலை கூடி என் கணவரால் வர முடியவில்லை. பாத்தியெல்லாம் புல். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்? சுரண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

தேயிலை மலையில் களையை மண்ணோடு வழித்தெடுக்கத்தான் சுரண்டி. ஒரு புல் மிஞ்சினாலும் கங்காணி கத்துவார், அரைநாள் சம்பளம் போய்விடும். தோட்டத்திலேயே சுத்தமாகச் சுரண்டுகிறவள் நான்தான் என்ற கொழுப்பு வேறு எனக்கு. இரண்டே பின்னேரத்தில் வயலைக் கோயில் வாசல் மாதிரி ஆக்கிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அவர் வந்து பார்த்தார்.

"என்னடி செஞ்சு வச்சிருக்க?"

செடியடியில் அணைத்திருந்த மண் பூராவும் போய், கிழங்குகள் வெளியே தெரிந்தன. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகிக் கசக்கும், கடைக்கு ஆகாது. அது எனக்குத் தெரியாது. அவர் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மூடினார்.

"மூடிட்டா சரியாயிரும்" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை.

வெட்டுகிற நாள் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு செடியடியைக் கிளறினேன். பச்சை. இன்னொன்று. அதுவும் பச்சை. அவரிடம் சொல்லவில்லை. அவரும் எனக்குத் தெரியாமல் கிளறிப் பார்த்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

வெட்டுகிற அன்று முதலாளி நாலைந்து ஆட்களோடு வந்தார். முதல் பாத்தியில் பாதிக்குமேல் பச்சை. ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மண்ண யாரு இப்புடி வழிச்சது?"

கங்காணியையே எதிர்த்துப் பேசுகிறவள் நான். அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

"நான்தாங்க மொதலாளி" என்றார் என் கணவர்.

முதலாளி நல்ல மனுஷன். கோபப்படவில்லை. கீறிய கிழங்கைப் பாத்தியிலேயே திரும்ப வைத்தார்.

"ஒங்க பொண்டாட்டி தெரியாம செஞ்சிருந்தா பரவால்ல, சொல்லிக் குடுக்கலாம். முன்னுக்கு நின்டு பாக்குற நீங்களே இப்புடிச் செஞ்சா, நான் யார நம்பி அடுத்த போகம் வெத போடுறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை, எங்கள் வீடு எங்களுக்குக் கிடைத்திருக்கும். இத்தனை பேர் முன்னால் இவர் பொய் சொன்னதாகிவிடுமே என்று பயந்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. என் கைவேலையைக் குறையென்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளி பதிலுக்குக் காத்து நின்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. திரும்பினால் முதலாளிக்கு விளங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும்.