மேல்பிரிவுப் பெரட்டு

கண்டி வாழ் பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் பணிவன்புடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஓய்வுபெற்ற பிரதி அதிபரும், பறவைகள் பற்றி மூன்று கூட்டங்களில் உரையாற்றியவரும், பழைய மாணவர் சங்கத்தின் நிரந்தரப் போஷகருமான திருவாளர் கணபதி அவர்கள், தம் பாரியார் பாலம்மாவுடன் இயற்கையன்னையின் மடியில் கூடாரமடித்துத் தங்கும் பொருட்டு, 2016 தை மாதம், பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார். வழியனுப்பப் பக்கத்து வீட்டு நாய் வந்திருந்தது.

நடந்த சம்பவம் இது. ஒரு சொல்லும் கூட்டவில்லை. குறைத்தது உண்டு. கணபதி அழுத இடங்களை, அவரே கேட்டுக்கொண்டதால், பாதியாகக் குறைத்திருக்கிறது.

பென்சன் வந்த நாளிலிருந்து இருவரும் இப்படித்தான் சுற்றினார்கள். பேராதனைத் தோட்டத்து மூங்கிலடியில் ஒரு பகல், ஹந்தானை புல்மேட்டில் ஒரு இரவு, குண்டசாலையில் மகாவலிக் கரையில் இரண்டு நாள். கணபதி தூரக்கண்ணாடியை உயர்த்தி ஒரு குருவியின் பெயரைப் பிரகடனம் செய்வார். அது வேறு குருவி என்று பாலம்மா மெதுவாகச் சொல்வார். புத்தகத்தில் அச்சுப்பிழை என்பார் கணபதி. நாற்பது வருடம் அடுப்படியில் நின்ற பாலம்மாவுக்கு, ஓடைக்கரையில் உட்கார்ந்து ஓணான் ஒன்றை அரை மணி நேரம் பார்க்க முடிந்தது. நடுவில் யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே கணபதி கூடாரம் வாங்கினார். இதை அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

சொல்லாத இன்னொன்றும் உண்டு. இருவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். ஊர் எது என்று கேட்டால் கணபதி 'கண்டி' என்பார். மேலும் கேட்டால் 'கண்டி டவுன்' என்பார்.

பன்வில வரை பஸ். கூடாரக் கம்பி மூன்று பயணிகளைக் குத்தியது. அங்கிருந்து பளீல் என்பவனின் முச்சக்கர வண்டி. பாதை முடிந்த இடத்தில் பளீல் வண்டியை நிறுத்திவிட்டான். "அங்க என்னத்துக்கு சேர்? அந்தப் பிரிவ கைவிட்டு எத்தனையோ வருஷம். ஒரு ஆள் இல்ல."

ஆள் இல்லாத இடம்தான் இயற்கை என்று கணபதி அவனுக்கு விளக்கினார்.

தோட்டத்தின் உச்சிப் பகுதியான அந்த மேல்பிரிவில் தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. மானாப்புல் இடுப்பளவு. நடுவில் சமதரையாக ஒரு சிறு களம். மலையில் இப்படி ஒரு சமதரை கிடைப்பது தம் அனுபவத்தின் பலன் என்று சொல்லிக் கணபதி அங்கேயே கூடாரத்தை அடித்தார். பாலம்மா காலால் தரையைத் தடவிப் பார்த்தார். நிறையப் பேர் நின்று நின்று இறுகின தரை மாதிரி இருக்கிறது என்றார். கணபதி காதில் வாங்கவில்லை. மீன் டின், பாண், நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சிற்றுரை. வானம் மூடியிருந்தது. தூங்கினார்கள்.

விடியற்காலை 5.10. கணபதி விழித்தார். ஒரு குருவிச் சத்தமும் இல்லை. ஒரு பூச்சியும் இல்லை. திரும்பிப் பார்த்தார். பாலம்மா படுத்திருந்த பை காலியாகக் கிடந்தது. தொட்டால் சூடு இருந்தது. கூடாரத்தின் ஸிப் மட்டும் உள்பக்கமாக, கீழ்வரை, இழுத்து மூடியிருந்தது.

5.15. தப்புச் சத்தம். தோட்டத்தில் ஆட்களை எழுப்ப அடிப்பார்களே, அந்த அடி. அறுபது வயதைக் கடந்த கணபதிக்கு ஏழு வயதுப் பயம் வந்தது.

வெளியே பனிமூட்டம். டோர்ச் வெளிச்சம் இரண்டு அடிக்கு மேல் போகவில்லை. நனைந்த கம்பளி வாடை அடித்தது. அடுப்புப் புகையும் கலந்து.

"பாலம்மா..."

கூடாரத்தைச் சுற்றி வந்தார்.

5.22. ஒரு ஆண்குரல் பெயர் கூப்பிட்டது. "ராக்கம்மா." ஒரு பெண் சொன்னாள், "இருக்கேங்கய்யா." "அங்கம்மா." "இருக்கேங்கய்யா."

பெரட்டு. வேலைக்குப் போகுமுன் களத்தில் நிறுத்தி எடுக்கிற ஆள்கணக்கு. யாரோ வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் நெஞ்சு இளகியது. குரல் பத்தடி தூரத்தில் கேட்டது. கணபதி முப்பதடி நடந்தார். குரல் பத்தடி தூரத்திலேயே கேட்டது.

"மூக்காயி."

யாரும் பதில் சொல்லவில்லை.

"மூக்காயி..."

பெரட்டுக்குப் பிந்தினவளுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் வேலை இல்லை, அடுப்பு எரியாது. அதனால் வரிசையில் நிற்கிற இன்னொருத்தி அவளுக்காகக் குரல் கொடுப்பாள். பிந்தினவள் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்வாள். எல்லாத் தோட்டத்திலும் உள்ள பழக்கம். ஒன்பது வயதில், தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு அம்மா வந்து சேரும்வரை, பாலம்மா எத்தனையோ விடியலில் அம்மா பேருக்குக் குரல் கொடுத்தவர்.

மூன்றாம் முறை. "மூக்காயி..."

"இருக்காங்கய்யா. வந்துட்டாங்க."

அது பாலம்மாவின் குரல்.

"இருபத்து மூணு," என்றது ஆண்குரல். "சரி."

கணபதி ஓடினார். புல் தடுக்கி விழுந்தார். எழுந்து ஓடினார். மூட்டத்துக்குள் முதுகுகள் தெரிந்தன. கூடை தொங்கும் முதுகுகள், வரிசையாக. ஒன்றும் திரும்பவில்லை. கடைசியில் கூடையில்லாத ஒரு முதுகு. பாலம்மாவின் சுவெட்டர்.

கையைப் பிடித்து இழுத்தார். கை பனிக்கட்டி. ஆள் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வேர் விட்டதுபோல் நின்றார் பாலம்மா.

"வாம்மா... போயிருவோம்."

"பேரு குடுத்துட்டேங்க," என்றார் பாலம்மா, அவரைப் பார்க்காமலே. "நான் போனா அந்தப் புள்ளைக்கு பேரு போயிரும்."

மேலே எங்கோ ஒரு கல் உருண்டது. 5.38.

கணபதி நிமிர்ந்து நின்று, தாம் ஓய்வுபெற்ற பிரதி அதிபர் என்றும் இது சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்றும் செந்தமிழில் அறிவித்தார். ஆள்கணக்கு எழுதும் பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆங்கிலத்தில் அறிவித்தார். பேனா கீறியது.

இன்னொரு கல். பிறகு பல கற்கள்.

காலடித் தரை மெல்ல நடுங்கியது.

கணபதி தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினார். முழங்கால் தானாக மடிந்தது. அவருடைய அப்பா துரைக்கு முன்னால் மடித்த அதே மாதிரி.

"அய்யா, நானும் லயத்துல பொறந்தவன்தாங்கய்யா. அவ பேர வெட்டிருங்கய்யா. எனக்கு வேற யாருமில்லைங்கய்யா..."

பேனா நின்றது.

"வெட்ட ஏலாது. ஆள் கொறையும்."

5.44. மேலே மரங்கள் முறிந்தன. ஒன்று... இரண்டு... எண்ண முடியவில்லை.

"அப்ப நான் நிக்கிறேன்."

"பேரு?"

"கணபதி."

"யாரு மகன்?"

நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத பதில்.

"கங்காணி வேலகூட கெடைக்காத கறுப்பையா மகன்."

பேனா கீறியது.

பிடித்திருந்த கையில் சூடு வந்தது.

பிறகு மலை...

கணபதி கண்ணை மூடிக்கொண்டார்.

5.50.

ஒரு குருவி கூவியது.

கண்ணைத் திறந்தபோது களம் காலி. மலை இருந்த இடத்தில் இருந்தது. பாலம்மா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். குல்லாவைக் காணவில்லை. கூடாரத்தைப் பிரிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்கள். வழியெல்லாம் கையை விடவில்லை.

7.30. தார்ப் பாதை ஓரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. அறுபது வயதிருக்கும் பெண்ணொருத்தி பிளேன்டீ ஊற்றினாள். எங்கேயிருந்து வருகிறார்கள் என்று கேட்டாள். மேல்பிரிவில் இரவு தங்கினதாகப் பாலம்மா சொன்னார். அந்தப் பெண் கேத்தலைக் கீழே வைத்தாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், தை மாதம். ஒரு கிழமை விடாத மழை. விடியற்காலைப் பெரட்டு நடக்கும்போதே மலை சரிந்து களத்தை மூடியதாம். நின்ற ஒருவரும் மிஞ்சவில்லை.

"நான் அன்னைக்கு பிந்திட்டேங்க," என்றாள். "புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஓடி வாரேன். எம்பேர மூணு தடவ கூப்புட்டாச்சு. யாரோ ஒரு பொம்பள, 'இருக்காங்கய்யா, வந்துட்டாங்க'ன்னு சொன்னா. எங்க லயத்துக் கொரல் இல்ல. யாரா இருந்தா என்ன, பேரு போட்டாச்சு. புள்ள அழுவுதேன்னு திரும்பிட்டேன். புள்ளைய தூங்கப்போட்டு வாசப்படி எறங்கல, மலை வந்துருச்சு."

அவள் பேர் என்ன என்று பாலம்மா கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"செக்ரோல்ல, அந்தப் பேர்ப் புத்தகத்துல, இருபத்து மூணு பேரு. மூக்காயி நான் தப்பிச்சிட்டேன். அப்ப இருபத்திரெண்டு தானுங்களே? பேர் எழுதுன கணக்கப்புள்ளய சேர்க்காம தோண்டி எடுத்தது இருபத்து மூணு."

பாலம்மா கணபதியின் கையை இறுக்கினார்.

"பொம்பளைங்க வரிசையில, கடைசியா, ஒரு ஆம்பள. அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும். முட்டிக்கால் போட்டபடியே இருந்தாரு. எந்தத் தோட்டத்து ஆளும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் யாரும் தேடி வரல. நான்தான் வருஷா வருஷம் வெளக்கு வைக்கிறேன்."

கணபதி பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார். இன்னும் ஒரு கரண்டி சீனி கேட்டார்.

சீனி முடிந்துவிட்டது என்றாள் மூக்காயி.